சின்ன ஹாலுக்கு எந்த டிவி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அடுக்ககத்தில் எல்லா வீட்டு ஹாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு: 10 அடிக்கு 12 அடி. ஒரு பக்கம் வாசல், ஒரு பக்கம் சமையலறைக்குப் போகும் வழி, இன்னொரு பக்கம் ஜன்னல். மிச்சமிருக்கும் சுவரில்தான் டிவி. தீபாவளி நெருங்கும்போது படிக்கட்டில் யாராவது நிறுத்தி, "43 போதுமா, 55 எடுக்கலாமா?" என்று கேட்பார்கள். ஊரிலிருந்து சொந்தக்காரர்களும் போனில் இதையேதான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்வதைவிட முழுசாக எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

1. 43 இன்ச்னு சொல்றாங்களே, அது அகலமா உயரமா?

இரண்டும் இல்லை. திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை குறுக்கே அளந்தால் வரும் நீளம் அது. பெட்டியில் இதையே சென்டிமீட்டரில் 80, 108, 139 என்று போட்டிருப்பார்கள். முறையே 32, 43, 55 இன்ச்.

ஷோகேஸில் நுழையுமா என்று பார்க்க அகலமும் உயரமும்தான் வேண்டும். 32 இன்ச் திரை ஏறக்குறைய 71 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். 43 என்றால் 95க்கு 54. 55 என்றால் 122க்கு 68. இதற்குமேல் ஓரச் சட்டத்துக்கு ஒன்றிரண்டு செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். மேஜையில் வைப்பதானால் இன்னொன்றையும் அளக்க வேண்டும்: இப்போது பல டிவிகளுக்குக் கால்கள் இரண்டு ஓரத்திலும் இருக்கின்றன. டிவி ஷோகேஸுக்குள் அடங்கும், ஆனால் கால் பலகையைத் தாண்டி நிற்கும். வாங்கும் முன் இரண்டு காலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. எங்க ஹாலுக்கு எத்தனை இன்ச் சரியா வரும்?

ஹாலின் அளவை விடுங்கள். உட்கார்ந்திருப்பவரின் கண்ணிலிருந்து திரை வரை எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளங்கள். 10 அடிச் சுவரை ஒட்டி சோஃபா போட்டிருந்தால், சாய்ந்து உட்கார்ந்தவரின் கண் பின்சுவரிலிருந்து 2 அடி முன்னால் இருக்கும். டிவியும் எதிர்ச்சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கும். ஆக, 10 அடி என்று நினைத்தது உண்மையில் ஏழரை அடிதான்.

இப்போது ஒரு கணக்கு. டிவியின் இன்ச்சை 1.6 ஆல் பெருக்கினால் வரும் இன்ச் தூரத்தில் உட்கார்ந்தால், படம் பார்க்கும்போது திரை கண்ணை நன்றாக நிறைக்கும். 2 ஆல் பெருக்கினால் வரும் தூரம் செய்தி, சீரியல், பாட்டு என்று நாள் முழுக்க ஓடும் டிவிக்கு வசதியானது. 43க்கு முதல் கணக்கில் ஏறக்குறைய 5¾ அடி, இரண்டாவது கணக்கில் 7 அடிக்குக் கொஞ்சம் மேல். 55க்கு முதல் கணக்கிலேயே 7 அடி 4 இன்ச், இரண்டாவதில் 9 அடியைத் தாண்டிவிடும். ஏழரை அடி ஹாலில் 43ம் பொருந்தும், 50ம் பொருந்தும், 55 எல்லையில் நிற்கும். எதைப் பார்ப்பீர்கள் என்பதுதான் முடிவு செய்யும். அது அடுத்த பதிலில்.

அதற்குமுன் ஒன்று. நம் வீடுகளில் எல்லோரும் சோஃபாவில் உட்காருவதில்லை. தட்டோடு தரையில் உட்காரும் பிள்ளைகள், பாயில் கால் நீட்டியிருக்கும் பாட்டி, இவர்களெல்லாம் திரைக்கு இன்னும் இரண்டடி பக்கத்தில் இருப்பார்கள். அவர்கள் இடத்திலிருந்தும் அளந்துவிடுங்கள்.

கணக்கு பிடிக்காதவர்களுக்கு எளிய வழி: பழைய செய்தித்தாள்களை ஒட்டி 122க்கு 68 செ.மீ. அளவில் ஒரு தாள் செய்து, டிவி வரப்போகும் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். பெரிசு என்றால் முதல் நாளே தெரியும். பலருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். செய்து பார்த்தவர்களில் வருத்தப்பட்டவர் யாரும் இல்லை.

3. பெருசா வாங்கினா என்ன தப்பு? விலையில பெரிய வித்தியாசம் இல்லையே!

தப்பு டிவியில் இல்லை, அதற்குள் வரும் படத்தில் இருக்கிறது. சாதாரண எஸ்டி சேனலின் படம் 720க்கு 576 புள்ளிகள், மொத்தம் 4 லட்சத்துச் சொச்சம். 4கே திரையில் 3840க்கு 2160, ஏறக்குறைய 83 லட்சம். அதாவது வந்த ஒரு புள்ளியை வைத்து 20 புள்ளிகளை டிவி நிரப்ப வேண்டும். இல்லாத விவரத்தை எங்கிருந்து கொண்டுவரும்? முகம் மெழுகு பூசினாற்போல் தெரியும், எழுத்துகளின் ஓரம் பிசிறடிக்கும். 2006க்குப் பிறகு தமிழ்நாடு அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவியில் இதே தரத்துப் படம் கச்சிதமாகத் தெரிந்ததற்குக் காரணம், திரை சின்னது என்பதுதான்.

என் சித்தப்பா வீட்டில் இது நடந்தது. 55 வாங்கி மாட்டிய அன்று மாலை சித்தி சீரியல் போட்டார். "பழைய டிவியே தெளிவா இருந்துச்சேப்பா" என்றார். டிவியைத் திருப்பிக் கொடுக்கும் அளவுக்குப் பேச்சு போனது. போய்ப் பார்த்தால் செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை கொண்ட பழைய வயர்தான் டிவிக்குப் போகிறது. அந்த வயரில் எச்டி, அதாவது அதிகப் புள்ளிகள் உள்ள தெளிவான படம், வரவே வராது. எச்டி பாக்ஸாக மாற்றி, எச்டிஎம்ஐ வயர் போட்டு, எச்டி சேனல்களையும் சேர்த்த பிறகுதான் சித்தி சமாதானமானார்.

அரசு கேபிளோ, தனியார் கேபிளோ, டிடிஎச்சோ, உங்கள் பாக்ஸ் எஸ்டியா எச்டியா என்று இன்றைக்கே பாருங்கள். எச்டி பாக்ஸாக இருந்தாலும் எஸ்டி சேனலை வைத்தால் எஸ்டிதான் வரும். வீட்டில் பெரும்பாலும் ஓடுவது எஸ்டி சேனல் என்றால் 43ஐத் தாண்டாதீர்கள். ஓடிடியும் யூடியூபும்தான் அதிகம் என்றால், ஏழரை அடியாவது தூரம் இருக்கும் ஹாலில் 50, 55 தாராளமாக வாங்கலாம்.

4. 4கே வேணுமா, ஃபுல் எச்டி போதுமா?

43 இன்ச் ஃபுல் எச்டி திரையில் ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர். நல்ல பார்வை உள்ளவருக்கும் ஐந்தரை அடிக்கு அப்பால் அந்தப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது. ஏழரை அடியில் உட்கார்ந்தால் தெளிவில் 4கே கூட்டித்தருவது ரொம்பக் குறைவு. ஆனால் 43 இன்ச்சிலிருந்தே நல்ல பேனலும் (படம் காட்டும் திரைப் பகுதி) நல்ல சிப்பும் பெரும்பாலும் 4கே மாடல்களிலேயே வருகின்றன. அதனால் 43 என்றால் யோசிக்காமல் 4கே எடுங்கள்.

32 இன்ச்சில் நிலைமை வேறு. அங்கே 'எச்டி ரெடி' என்பது 1366க்கு 768 புள்ளிகள். 6 அடியில் உட்கார்ந்து சேனல் பார்க்க அதுவே போதும். கம்ப்யூட்டரை இணைத்து எழுத்து படிப்பீர்கள் என்றால் மட்டும் ஃபுல் எச்டி தேடுங்கள். இணைய வேகத்தையும் பாருங்கள்: நெட்ஃப்ளிக்ஸ் 4கேக்கு 15 எம்பிபிஎஸ், ஃபுல் எச்டிக்கு 5 எம்பிபிஎஸ் கேட்கிறது.

5. எல்இடி, க்யூஎல்இடி, மினி எல்இடி, ஓஎல்இடி... கேட்டாலே தலை சுத்துது. எது எது?

முதல் மூன்றும் ஒரே குடும்பம். எல்சிடி திரை, அதற்குப் பின்னால் எல்இடி விளக்கு. இதைத்தான் எல்இடி டிவி என்கிறோம். க்யூஎல்இடியில் நிறத்தைக் கூட்ட நடுவே ஒரு படலம் சேர்கிறது. மினி எல்இடியில் பின்விளக்குகள் சின்னச் சின்னதாக, நிறைய இருக்கும். இருட்டான பகுதியில் மட்டும் விளக்கைத் தணிக்கும். ஓஎல்இடி தனி ஜாதி. அதில் பின்விளக்கே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். அதனால் கறுப்பு முழுக் கறுப்பாக இருக்கும். 42 இன்ச்சிலிருந்தே வருகிறது, ஆனால் விலை அதிகம்.

காலையிலிருந்து இரவு வரை செய்திச் சேனல் ஓடும் வீட்டுக்கு நான் ஓஎல்இடி சொல்வதில்லை. மூலையில் நிற்கும் சேனல் சின்னமும் அடியில் ஓடும் சிவப்புப் பட்டையும் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் எரிந்தால் அந்தத் தடம் திரையில் பதிந்துவிடும் அபாயம் உண்டு. அப்புறம், க்யூஎல்இடி என்ற பெயரை மட்டும் பார்த்துப் பணம் கூட்டிக் கொடுக்காதீர்கள். அந்தப் பெயரில் மலிவான, வெளிச்சம் குறைந்த பேனலும் உண்டு, அருமையான பேனலும் உண்டு.

6. நேரா பார்த்தா நல்லா இருக்கு, ஓரமா உட்கார்ந்தா கலர் வெளுக்குதே, ஏன்?

பேனலின் குணம் அது. எல்சிடியில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகை. விஏயில் கறுப்பு ஆழமாக இருக்கும். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள விகிதம் 3000க்கு மேல் போகும். ஆனால் பக்கவாட்டில் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ்ஸில் அந்த விகிதம் 1000 அளவில்தான், ஆனால் ஓரத்திலிருந்தும் நிறம் அவ்வளவாக மாறாது.

சின்ன ஹாலில் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எல் வடிவ சோஃபாவின் ஓரத்தில் ஒருவர், சமையலறை வாசலில் நின்றபடி ஒருவர் என்று பாதிப்பேர் பக்கவாட்டில்தான் பார்க்கிறார்கள். கடையில் திரையில் ஒரு முகம் வரும்போது, மெதுவாகப் பக்கவாட்டில் நடந்து பாருங்கள். ஒரே மாடலில்கூட அளவுக்கு அளவு பேனல் மாறலாம் என்பதால், வாங்கப்போகும் அளவிலேயே பார்க்க வேண்டும்.

7. கடையில பளபளன்னு இருந்துச்சு, வீட்டுல அப்படி இல்ல. மாத்திக் கொடுத்துட்டாங்களோ?

அநேகமாக அதே டிவிதான். கடையில் 'விவிட்' போன்ற முறையில் வெளிச்சத்தையும் நிறத்தையும் உச்சத்தில் வைத்து, அதற்கென்றே எடுத்த 4கே வீடியோவை ஓட்டுவார்கள். 'ஸ்டாண்டர்டு' அல்லது 'சினிமா' முறைக்கு மாற்றி, ஒரு தமிழ்ச் சேனலைப் போடச் சொல்லுங்கள். கேட்டால் போடுவார்கள், தயங்க வேண்டாம். கடையின் கூரை உயரம், இடமும் பெரிது. அதனால் அங்கே 55 சின்னதாகத் தெரியும். அளவு விஷயத்தில் கண்ணை நம்பாமல் 2ஆம் பதிலில் சொன்ன செய்தித்தாளை நம்புங்கள்.

8. எச்டிஆர்னு போட்டிருக்கு, ஆனா அந்தப் படம்தான் இன்னும் இருட்டா தெரியுது?

எச்டிஆர் என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே அதிக வித்தியாசம் காட்டும் படம். அதை டிவி வாங்கிக்கொள்ள முடியும் என்பது வேறு, காட்ட முடியும் என்பது வேறு. மலிவான டிவிகளின் வெளிச்சம் 250 முதல் 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு). எச்டிஆர் உண்மையிலேயே எடுபட 600ஆவது வேண்டும். அது இல்லாதபோது எச்டிஆர் ஸ்டிக்கருக்காகக் காசு கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை.

9. ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் மட்டும்தான் காலியா இருக்கு. பரவாயில்லையா?

பகலில் திரையில் ஜன்னல்தான் தெரியும். ஜன்னல் பக்கவாட்டில் வரும் சுவர் கிடைத்தால் அதுதான் நல்லது. வேறு வழியே இல்லை என்றால் கனமான திரைச்சீலை போடுங்கள். கண்ணாடிபோல் பளபளக்கும் திரையைத் தவிருங்கள். வெளிச்சம் அதிகமுள்ள மாடலாகப் பாருங்கள். முக்கியமாக மேற்கு ஜன்னல் என்றால், மாலை 4 மணிக்கு ஒருமுறை அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

10. சுவர்ல எவ்வளவு உயரத்துல மாட்டணும்?

நான் பார்த்த வீடுகளில் அதிகம் தவறு நடப்பது இங்கேதான். பிளக் பாயின்ட் ஐந்தடியில் இருக்கிறது என்பதற்காக டிவியையும் அங்கேயே மாட்டிவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஒரு வாரத்தில் பெரியவர்களுக்குக் கழுத்து வலிக்கும்.

சோஃபாவில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து 40 இன்ச் உயரத்தில் இருக்கும், தரையில் உட்கார்ந்தவருக்கு 28 முதல் 30 இன்ச். இரண்டு பேரும் இருக்கும் வீட்டில் திரையின் நடுப்பகுதி 40 இன்ச்சில் வந்தால் போதும். சோஃபாக்காரருக்கு நேர்ப்பார்வை, தரையில் இருப்பவருக்கு லேசான ஏற்றம். 43 இன்ச் டிவிக்கு இப்படி வைத்தால் அடி விளிம்பு தரையிலிருந்து இரண்டரை அடியில் வரும். முதலில் பார்க்கும்போது ரொம்பத் தாழ்வாகத் தெரியும். இரண்டு நாளில் கண் பழகிவிடும். மேலே மாட்டியே ஆக வேண்டும் என்றால், முன்பக்கம் சாயும் பிராக்கெட் வாங்குங்கள்.

மாட்ட வருபவர் அவசரத்தில் இருப்பார். அவர் வரும் முன்பே சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்துவிடுங்கள்.

11. வாடகை வீடு, ஓனர் சுவர்ல ஓட்டை போட விடமாட்டார். என்ன பண்ண?

தாழ்வான மேஜையில் வைப்பதே 10ஆம் பதிலில் சொன்ன உயரத்துக்கு நன்றாகப் பொருந்தும். தரையில் நிற்கும் டிவி ஸ்டாண்டும் கிடைக்கிறது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் டிவி முன்பக்கம் கவிழாமல் மேஜையோடு பட்டையால் கட்டிவிடுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள். இழுத்த பிள்ளைமேல் டிவி விழுந்தால் பெரிய ஆபத்து.

சொந்த வீட்டில் துளை போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுவர் செங்கல்லா, ஹாலோ பிளாக்கா, எடை குறைந்த பிளாக்கா என்று தெரிந்துகொள்ளுங்கள். பின்னிரண்டுக்கும் சாதாரண பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது, அதற்கென்று தனி ஆங்கர் வேண்டும். ஸ்விட்ச் பாக்ஸுக்கு நேர் மேலேயும் கீழேயும் சுவருக்குள் வயர் போயிருக்கும், அங்கே துளையிடாதீர்கள்.

12. ஸ்மார்ட் டிவி கொஞ்ச நாள்ல மெதுவாயிடுமாமே?

ஆகும். பேனல் ஏழெட்டு வருஷம் உழைத்தாலும் உள்ளே இருக்கும் சிப் அதற்கு முன்பே திணறும். ரேம் 2 ஜிபியாவது இருக்கட்டும், 1 ஜிபி வேண்டாம். டிவியை இயக்கும் மென்பொருள் கூகுள் டிவி, வெப்ஓஎஸ், டைசன் எதுவானாலும் அன்றாடத்துக்குச் சரிதான். மிக மலிவான சில டிவிகளில் 'ஆண்ட்ராய்டு' என்று இருக்கும், ஆனால் பிளே ஸ்டோர் இருக்காது, நெட்ஃப்ளிக்ஸ் ஓடாது. நீங்கள் பார்க்கும் செயலிகளைக் கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

டிவி பின்னாளில் மெதுவானால் எச்டிஎம்ஐயில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகினால் தீர்ந்தது. மங்கலான பேனலை அப்படி மாற்ற முடியாது. அதனால் பட்ஜெட் இடிக்கும்போது பேனலுக்கே பணத்தைப் போடுங்கள்.

13. பாட்டு கேக்குது, பேசுறது புரியல. சவுண்ட்பார் வாங்கணுமா?

டிவி ஒல்லியானதால் ஸ்பீக்கரும் சின்னது. அதுவும் பெரும்பாலும் கீழ்நோக்கி இருக்கிறது. முதலில் ஒலி அமைப்பில் பேச்சைத் தெளிவாக்கும் முறை இருந்தால் போட்டுப் பாருங்கள். அதுவும் போதவில்லை என்றால் சாதாரண 2.0 அல்லது 2.1 சவுண்ட்பார் (2.1 என்றால் கனத்த ஒலிக்குத் தனியாக ஒரு வூஃபரும் வரும்) இந்த ஹாலுக்குத் தாராளம். டிவியில் 'ஏஆர்சி' என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையில் இணைத்தால் டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். வூஃபரைப் பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரில் வைக்காதீர்கள்.

14. ஸ்டெபிலைசர் வாங்கணும்னு கடைக்காரர் சொல்றார். தேவையா?

டிவியின் பின்புறம் பாருங்கள். 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருந்தால், ஓரளவு குறைந்த வோல்டேஜை அதுவே சமாளித்துக்கொள்ளும். நகரத்து வீடுகளில் பெரும்பாலும் ஒரு நல்ல ஸ்பைக் கார்டு போதும். வோல்டேஜ் அளவுக்கு மீறி ஏறும் ஊர் என்றால் ஸ்டெபிலைசர் வாங்குவது நியாயம்.

இடி மின்னலுக்கு இரண்டுமே பதில் இல்லை. ஐப்பசி மழையில் எங்கள் மாடியில் ஒரு டிவி போனது. மின் பிளக்கைப் பிடுங்கியிருந்தார்கள், கேபிள் வயரைப் பிடுங்கவில்லை. இடிக்கும்போது இரண்டையும் கழற்றுங்கள்.

15. பெரிய டிவி வாங்கினா கரண்ட் பில் எகிறுமா?

43 இன்ச் டிவி 80 வாட் எடுக்கிறது, தினம் 5 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதப் பில்லுக்கு 24 யூனிட். பெரிய டிவி இன்னும் கொஞ்சம் கூட எடுக்கும், வெளிச்சத்தைக் குறைத்தால் குறையும். உங்கள் மாடலின் வாட் அளவு பின்புறத்திலும், வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்பது நட்சத்திர ஸ்டிக்கரிலும் இருக்கும்.

யாரும் கவனிக்காத செலவு செட்டாப் பாக்ஸ். ரிமோட்டில் அணைத்தாலும் பல பாக்ஸ்கள் கிட்டத்தட்ட அதே மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். 10 வாட் பாக்ஸ் நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாதத்தில் 14 யூனிட். இரவில் ஸ்விட்சை அணையுங்கள்.

16. பசங்க டிவிக்கு ஒட்டிப் போய் உட்கார்றாங்க. கண்ணு கெட்டுப்போகுமா?

பக்கத்தில் உட்காருவதால் கண் நிரந்தரமாகக் கெடாது. களைப்பும் தலைவலியும் வரலாம். ஆனால் பிள்ளை எப்போதும் முன்னால் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தால், தூரத்தில் சரியாகத் தெரியவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். திட்டாதீர்கள், கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

17. ஆன்லைன்ல வாங்கலாமா, கடையிலயா?

2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கும் ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. 32ம் அதற்குக் கீழும் முன்பே 18தான். வரி இரண்டு இடத்திலும் ஒன்றுதான், தள்ளுபடிதான் மாறும். என் வழி: கடையில் பேனலைப் பார்த்து மாடல் எண்ணைக் குறித்துக்கொள்வது, பிறகு இரண்டு விலையையும் ஒப்பிடுவது. வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் என்றால் கடையிலேயே வாங்குவேன். நாளைக்கு ஒன்று என்றால் போய் நிற்க ஓர் இடம் இருக்கும்.

எங்கே வாங்கினாலும், உங்கள் ஊரில் அந்த கம்பெனிக்குச் சர்வீஸ் ஆள் உண்டா என்று கேளுங்கள். பேனல் போனால் மாற்றும் செலவு புது டிவி விலைக்குப் பக்கத்தில் வரும். அடிபட்டு உடைந்த திரைக்குச் சாதாரண வாரண்டி கிடையாது. பெட்டியைப் பிரிப்பதிலிருந்து படம் தெரியும்வரை போனில் வீடியோ எடுத்துவையுங்கள். சில கம்பெனிகள் தங்கள் ஆள் வந்துதான் பிரிக்க வேண்டும் என்கின்றன, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

18. 55 வாங்கி மாட்டியாச்சு, இப்போதான் இதெல்லாம் படிக்கிறேன். இனி என்ன செய்யலாம்?

நிறையச் செய்யலாம். சோஃபா சுவரை ஒட்டி இல்லையென்றால் பின்னால் தள்ளுங்கள். ஓர் அடி கிடைத்தாலே தெரியும். 3ஆம் பதிலில் சொன்னபடி பாக்ஸையும் வயரையும் மாற்றுங்கள், செலவு செய்வதானால் முதல் செலவு அதுதான். அமைப்பில் 'ஷார்ப்னஸ்' அளவைப் பாதியைவிடக் கீழே இறக்குங்கள்; எஸ்டி படத்தில் பிசிறைக் கூட்டிக் காட்டுவது அதுதான். படத்தில் மினுமினுக்கும் தேவையற்ற புள்ளிகளைக் குறைக்கும் 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' இருந்தால் எஸ்டி சேனலுக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். பழைய படங்கள் சதுரமாக வந்தால் திரை முழுக்க இழுக்காமல் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு விடுங்கள். முகங்கள் அகலமாகாமல், அந்தக் காலத்தில் எடுத்த அளவிலேயே தெரியும்.